ஐஆர் சாட்டிலைட் படத்தில் மேகத்தைப் படிப்பது எப்படி: வட சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி பிறந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். வங்காள விரிகுடாவின் மேல் வெள்ளையாக ஒரு பெரிய திட்டு, கலர் போட்ட படமாக இருந்தால் சிவப்பும் கறுப்புமாக, கூடவே காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மக்கள் உஷாராக இருக்கவும் என்று ஒரு வரி. படம் பெரும்பாலும் உண்மையானதுதான். அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அது ஐஆர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படம். அதில் தெரியும் வெள்ளை, மழையின் அளவு இல்லை. மேகத்தின் மேல்பக்கம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதன் அளவு. இந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டால், எந்த மேகம் நம் தலையில் கொட்டும், எது சும்மா மேலே பரந்து கிடக்கிறது, எதை நம்பித் துணி காயப்போடலாம் என்பதையெல்லாம் நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். முதல் பாதிக்கு ஒரு போன் போதும். கடைசிப் பகுதிக்கு மட்டும் லேப்டாப் வேண்டும்.

படம் எங்கே கிடைக்கும், முதலில் எதைப் பார்ப்பது

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் சாட்டிலைட் பக்கத்துக்குப் போனால் நம் நாட்டின் இன்சாட் சாட்டிலைட்டுகள் எடுத்த படங்கள் இருக்கும். இன்சாட்-3டிஆர் 2016 செப்டம்பரில் போனது. இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட்டில் போனது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் மொட்டை மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் புகைக்கோடு தெரியுமே, அந்த மாதிரிப் போனவற்றில் ஒன்றுதான் இன்றைக்கு நமக்கு மேகத்தைப் படம் எடுத்து அனுப்புகிறது. பூமத்தியரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால் நம்மை விட்டு நகராமல் நின்று பார்க்கும். ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் தரும்.

படத்தைத் திறந்ததும் மேகத்தைப் பார்க்காதீர்கள், மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 0900 என்று போட்டிருந்தால் நமக்கு மதியம் இரண்டரை. பழைய படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

அடுத்தது, எந்த சானல் என்று பாருங்கள். இன்சாட்டின் படம் எடுக்கும் கருவியில் ஆறு சானல்கள், அதாவது தனித்தனி அலைநீளங்களில் பார்க்கும் ஆறு பட்டைகள் உண்டு. நாம் அதிகம் பார்க்கப் போவது தெர்மல் ஐஆர், 10.3 முதல் 11.3 மைக்ரான் வரை உள்ள அகச்சிவப்புக் கதிர் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் பக்கத்திலேயே 11.5 முதல் 12.5 வரை இரண்டாவது ஒன்று, 4 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவாக ஒன்று, 6.5 முதல் 7.1 வரை நீராவி சானல். பகலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் எடுக்கும் விசிபிள் சானலும் உண்டு, ஆனால் அது பொழுது சாய்ந்தால் இருண்டுவிடும். நமக்குப் பெரிய மழை பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் வருவதால் ஐஆர் இல்லாமல் ஆகாது.

சிலர் ஜப்பானின் ஹிமாவாரி படத்தைப் பகிர்வார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும், பார்க்கவும் தெளிவாக இருக்கும். ஆனால் அது நிற்பது 140.7 டிகிரி கிழக்கு, நாம் இருப்பது 80.3 டிகிரியில். அதாவது அது நம்மை உலகின் ஓரத்தில், மிகவும் சாய்வாகப் பார்க்கிறது. சாய்வாகப் பார்த்தால் உயரமான மேகத்தின் உச்சி அதன் உண்மையான இடத்தை விட்டு மேற்கே தள்ளித் தெரியும். 16 கிலோமீட்டர் உயரமுள்ள இடிமேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. எண்ணூருக்குக் கிழக்கே கடலில் 40 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் மேகம், ஹிமாவாரி படத்தில் எண்ணூர் மேலேயே நிற்பது போலத் தெரியும்! இன்சாட் 74, 82 டிகிரிகளில், நமக்குப் பக்கத்துத் தீர்க்கரேகையில் இருப்பதால் அதே மேகம் 4, 5 கிலோமீட்டர்தான் வடக்கே நகர்ந்து தெரியும். அதனால் மேகக்கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க ஹிமாவாரி, நம் ஏரியாவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க இன்சாட். இந்தப் பிரிவினையை நான் விடுவதே இல்லை.

கருவி உண்மையில் அளப்பது என்ன

அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லைத் தொடாமலே, கையை அதன் முன்னால் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் சூடு தெரிகிறது இல்லையா, சாட்டிலைட் செய்வதும் அதைத்தான். எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்குத் தகுந்தபடி கதிரை வெளிவிடும். நம்மைச் சுற்றியிருக்கும் தரை, கடல், மேகம் எல்லாம் இருக்கும் வெப்பநிலையில் அந்தக் கதிர் 10 மைக்ரான் பக்கத்தில்தான் மிக அதிகமாக இருக்கும். நம் அதிர்ஷ்டம், அதே இடத்தில் காற்றும் நீராவியும் அந்தக் கதிரை அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால் மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தரையோ, கடலோ, வழியில் மேகம் இருந்தால் அதன் மேல்பக்கமோ நேராகத் தெரிகிறது. வந்து சேர்ந்த கதிரின் அளவை வைத்து, இவ்வளவு கதிர் விட வேண்டுமென்றால் அந்தப் பொருள் இத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று திருப்பிக் கணக்குப் போடுகிறார்கள். அதைத்தான் பிரைட்னஸ் டெம்பரேச்சர் என்பது.

சூடானது அதிகக் கதிர் விடும். அப்படியே வரைந்தால் தரை வெள்ளையாகவும் மேகம் கறுப்பாகவும் வரும். பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று படத்தைத் தலைகீழாக்கி, குளிர்ந்ததை வெள்ளையாகவும் சூடானதைக் கறுப்பாகவும் காட்டுகிறார்கள். கலர் படங்களில் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் மட்டும் நிறம் ஏறும். எந்த டிகிரிக்கு எந்த நிறம் என்பது தளத்துக்குத் தளம் மாறும் என்பதால் பக்கத்தில் இருக்கும் அளவுக்கோலைப் பார்க்காமல் "சிவப்பாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இதைப் பழக ஒரு நல்ல வழி, மேகமே இல்லாத நாளில் ஆரம்பிப்பது. சித்திரை, வைகாசியில் ஒரு வெயில் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டரை மணிப் படத்தில் தரை கருகருவென்று இருக்கும், கடல் அதைவிட வெளிறிய சாம்பலாக இருக்கும், பழவேற்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கரைக்கோடு கத்தியால் வெட்டியது போலத் தெரியும். அதே இடத்தின் விடியற்காலை ஐந்தரை மணிப் படத்தைத் திறங்கள். தரை ராத்திரி முழுக்கச் சூட்டை இழந்து கடலின் வெப்பநிலைக்கே வந்திருக்கும், கரை எங்கே என்று தேட வேண்டியிருக்கும், சில நாள் தரை கடலைவிட வெளுப்பாகக்கூட இருக்கும். மழை, மேகம் எதுவும் இல்லாமல் வெறும் வெப்பநிலை மட்டும் படத்தை எப்படி மாற்றுகிறது என்பது இதில் மனதில் பதிந்துவிடும்.

டிகிரியை உயரமாக மாற்றுவது

மேலே போகப் போகக் குளிர் கூடும் என்பதால், மேக உச்சியின் வெப்பநிலை தெரிந்தால் அதன் உயரத்தையும் சொல்லலாம். இதற்குத் தோராயக் கணக்கு தேவையில்லை, அளந்த எண்களே இருக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உரிய அளவீட்டுக்காக பலூன் விடுகிறது. அது ஏறும் வழியில் ஒவ்வொரு உயரத்திலும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பும். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற நிலைய எண்ணைப் போட்டால் அந்த அட்டவணை அப்படியே வரும்.

நம் ஊருக்கு வழக்கமாக வரும் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 5 கிலோமீட்டர் பக்கத்தில் பூஜ்ஜியம் டிகிரி. 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே மைனஸ் 30. பன்னிரண்டரை கிலோமீட்டரில் மைனஸ் 53 பக்கம். 14 கிலோமீட்டரில் மைனஸ் 65-ஐத் தாண்டும். பதினாறரை, 17 கிலோமீட்டரில் மைனஸ் 80 தொடும். அதற்கு மேலே போனால் குளிர் நின்று திரும்பச் சூடாக ஆரம்பிக்கும், சாதாரணமாக மேகம் ஏறுவதும் அங்கே நின்றுவிடும். ஆக, படத்தில் மைனஸ் 80 என்று வந்தால் வளிமண்டலத்தின் கூரையை முட்டிய மேகம். அந்தப் பெரிய குளிர்ந்த திட்டுக்கு நடுவில் இன்னும் குளிர்ந்த சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தால், உள்ளே காற்று மேலே தள்ளும் வேகத்தில் மேகம் கூரையையே உடைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. அந்தப் புள்ளிக்கு நேர் கீழேதான் ஆபத்து: கொட்டும் மழை, மின்னல், சூறைக்காற்று. பெரிய வெள்ளைத் திட்டைப் பார்ப்பதைவிட அந்தப் புள்ளியைத் தேடுங்கள்.

குளிர்ந்திருந்தும் மழை இல்லாதது, சூடாக இருந்தும் கொட்டுவது

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இடிமேகம் ஓய்ந்த பிறகு அதன் தலைப்பகுதி மட்டும் பனித்துகள்களாகப் பரந்து மணிக்கணக்கில் கிடக்கும். ரொம்ப உயரத்தில் இருப்பதால் ரொம்பக் குளிர்ச்சி, ரொம்ப வெள்ளை. கீழே ஒரு சொட்டு இருக்காது. வெயிலுக்கு ஒரு மெல்லிய திரை போட்ட மாதிரி வானம் மட்டும் பால் நிறத்தில் இருக்கும். இன்னும் மெலிந்தால் அடியில் இருக்கும் கடலின் சூட்டுக் கதிரும் அதன் வழியாகக் கசிந்து வரும். மைனஸ் 60 டிகிரியில், 13 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கீற்று மேகம் கீழிருந்து வரும் கதிரில் பாதியை விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்து கருவியில் மைனஸ் 8 என்று பதிவாகும். அட்டவணையில் பார்த்தால் 6 கிலோமீட்டர் மேகம் என்று வரும். அந்த உயரத்தில் அங்கே எதுவுமே கிடையாது.

பகலாக இருந்தால் விசிபிள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஐஆரில் வெள்ளை, விசிபிளில் மங்கல் என்றால் கீற்று மேகம். விசிபிளில் பளிச், ஐஆரில் சாம்பல் என்றால் தாழ்ந்த மேகம். இரண்டிலும் பளிச் என்றால் அடி முதல் உச்சி வரை அடர்ந்த மேகம், அதைக் கவனியுங்கள். ராத்திரியில் இரண்டு தெர்மல் சானல்களின் வித்தியாசம் உதவும். பனித்துகள்கள் 12 மைக்ரான் கதிரைச் சற்று அதிகமாக விழுங்குவதால் மெல்லிய கீற்று மேகத்தில் அந்த சானல் காட்டும் வெப்பநிலை முதல் சானலைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். அடர்ந்த இடிமேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. நம் ஊரின் ஈரப்பதத்தால் மேகமே இல்லாத வானத்திலும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கும், அதைக் கழித்துப் பாருங்கள்.

இதற்கு நேரெதிர், வடகிழக்குப் பருவமழையின் தாழ்ந்த மேகங்கள். வாடைக்காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் மோதும்போது உருவாகும் மேகங்கள் சில நேரம் 5, 6 கிலோமீட்டரைத் தாண்டாது. உச்சி பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐஆரில் வெறும் சாம்பல் பூச்சாகத்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தூங்கப் போனால், விடியும்போது வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி ஒரே இடத்தின் மேல் வருவதுதான் இவற்றின் பலம், உயரம் இல்லை. இதை ஐஆரில் பிடிப்பது கஷ்டம். துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடாரின் படத்தைத்தான் பார்க்க வேண்டும். ரேடார் மேகத்தின் உள்ளே இருக்கும் துளிகளில் பட்டுத் திரும்பும் அலையை அளக்கிறது, ஐஆர் மேகத்தின் மேல்தோலை மட்டும் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைக்கக் கூடாது.

ஐஆரை வைத்து மழை அளவைச் சொல்லவே முடியாதா என்று கேட்டால், பெரிய பரப்பில் ஓரளவு முடியும். 235 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக் கூட்டும் எளிய முறை ஒன்றை 1980-களிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் இரண்டரை டிகிரி கட்டம், சில நாட்களின் சராசரி என்று எடுத்தால் வெப்பமண்டலக் கடல்களில் அது வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக வரும். தண்டையார்பேட்டையில் இன்றைக்குச் சாயங்காலம் எவ்வளவு என்று அதைக் கேட்கக் கூடாது.

ஆடி ஆவணியில் மேற்கே பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் நமக்கு மழை தருவது சாயங்கால இடிமேகங்கள். மதியம் வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கம் தரை சூடாகி மேகம் எழும்பும். நடுவானம் வரை காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்த மழை திருவள்ளூர், ஆவடி வழியாக நம் பக்கம் நகர்ந்து, ராத்திரி எட்டு, ஒன்பது மணி வாக்கில் பெரம்பூர், மணலி, ராயபுரம் என்று வந்து சேரும். ஆனால் 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், இந்த மாதங்களில் மட்டும், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. மேகத்தின் தலை அந்த உயரத்தை எட்டியதும் அதன் பனித்துகள்களை அந்தக் காற்று மேற்கே இழுத்துக்கொண்டு போய்விடும். கீழே மழை கிழக்கே நகர, மேலே தலை மேற்கே போகும்!

ஐஆர் படத்தை அரை மணிக்கு ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தால், பெரிய வெள்ளைத் திட்டு ஆந்திரா, கர்நாடகப் பக்கம் விலகிப் போவது போலத் தோன்றும். இன்றைக்கு நமக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். திட்டின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். மேற்கு ஓரம் பஞ்சு பிய்த்தது போல மங்கிக் கரைந்திருக்கும். கிழக்கு ஓரம் பளிச்சென்று, கோடு போட்டது போலக் கூர்மையாக இருக்கும். மேலே எழும் காற்று அந்தக் கூர்மையான ஓரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. திட்டு மொத்தமாக மேற்கே பரந்தாலும், அந்தக் கிழக்கு ஓரம் படத்துக்குப் படம் நம் பக்கம் நெருங்குகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. நெருங்கினால் மழை வருகிறது. ஓரம் கூர்மை இழந்து கலங்கினால் மேகம் செத்துக்கொண்டிருக்கிறது, நமக்கு வருவது குளிர்ந்த காற்று மட்டும்.

பிறக்கிற மேகத்தையும் பிடிக்கலாம். மதியம் மூன்று மணிக்கு ஒரு சின்னச் சாம்பல் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன் உச்சி வெப்பநிலையை அடுத்தடுத்த படங்களில் எழுதுங்கள். 15 நிமிடத்துக்கு 8 டிகிரி, அதாவது அரை மணிப் படத்துக்கு 16 டிகிரி, அல்லது அதற்கு மேல் குளிர்ந்துகொண்டே போனால் அது வேகமாக வளர்கிறது. பூஜ்ஜியத்தைத் தாண்டிய பிறகும் அதே வேகத்தில் குளிர்ந்தால், ரேடாரில் பலத்த மழையாகத் தெரிவதற்குச் சுமார் அரை மணி முன்பாகவே நீங்கள் அதைப் பிடித்துவிட்டீர்கள். இந்த அரை மணி, மீன் காயப்போட்டிருக்கிறவர்களுக்கும் ரோட்டோரம் கடை போட்டிருக்கிறவர்களுக்கும் பெரிய விஷயம்.

புயல் நேரத்தில்

புயலின் பலத்தை ஐஆர் படத்தின் வடிவத்தையும் வெப்பநிலையையும் வைத்தே மதிப்பிடும் முறையை அமெரிக்காவின் வெர்னன் டுவோராக் 1970-களில் உருவாக்கினார். இன்றைக்கும் வானிலைத் துறை அறிக்கைகளில் வரும் டி எண் அதிலிருந்து வந்ததுதான். கண் தெரிந்தால், நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புப் புள்ளி எவ்வளவு சூடாக இருக்கிறது, சுற்றியிருக்கும் வளையம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற வித்தியாசம் கூடக் கூடப் புயல் பலமானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாளின் படங்களைத் தேடி எடுத்து வரிசையாகப் பார்த்தால் நன்றாகப் பழகலாம்.

நம் கடலில் வருகிறவற்றில் பல கண் இல்லாதவை. மேல்காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதால் வெள்ளைத் திட்டு ஓரிடத்திலும் சுழற்சியின் மையம் வேறிடத்திலும் இருக்கும். ராத்திரி ஐஆரில் அந்த மையம் தெரியாது, காரணம் அங்கே இருப்பது தாழ்ந்த மேகம், அதன் வெப்பநிலை கடலோடு ஒட்டியிருக்கும். காலையில் விசிபிள் படம் வந்ததும்தான் மையம் மேகம் இல்லாமல் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பது வெளியே தெரியும். 2024 அக்டோபர் 17 அதிகாலையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே, மிக அருகில் கரையைக் கடந்தது. முந்தைய நாள் சிவப்பு எச்சரிக்கை இருந்தது, நகரில் பயந்த அளவுக்கு மழை இல்லை. மையம் எங்கே போகிறது என்பதும் மழைமேகம் எங்கே இருக்கிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். மிச்சாங் 2023 டிசம்பரில் கரையைத் தொடாமலே, பக்கத்தில் கடலில் நகர்ந்தபடி நம்மை மூழ்கடித்துவிட்டு ஆந்திராவில் பாபட்லா அருகே போய்க் கரை ஏறியது.

நீராவி சானலையும் இந்த நேரத்தில் ஒரு முறை பாருங்கள். அது தரையைப் பார்ப்பதில்லை, நடு, மேல் வானத்தின் ஈரத்தை மட்டும் காட்டும். வடமேற்கிலிருந்து கறுப்பாக ஒரு நாக்கு புயலை நோக்கி நீண்டால் அது உலர்ந்த காற்று. அது உள்ளே புகுந்துவிட்டால் மழை மேகங்கள் வற்றும்.

மார்கழி, தைப் பனிமூட்டத்துக்கு ஒரு வரி: ராத்திரியில் 4 மைக்ரான் சானலின் வெப்பநிலையைத் தெர்மல் சானலோடு ஒப்பிட்டால், நீர்த்துளிகளால் ஆன தாழ்ந்த மேகமும் மூடுபனியும் இருக்கும் இடத்தில் முதலாவது சில டிகிரி குறைவாக இருக்கும். பகலில் வெயில் அந்தச் சானலில் கலந்துவிடும் என்பதால் விடிந்த பிறகு இந்த ஒப்பீடு செல்லாது.

லேப்டாப் உள்ளவர்களுக்கு

அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்தும் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்தால் படம் இல்லை, எண்களே கிடைக்கும். கோப்புகள் எச்டிஎஃப்5 வடிவில் இருக்கும். பைத்தான் நிரல்மொழியில் எச்5பை என்ற தொகுப்பைக் கொண்டு திறக்கலாம். உள்ளே ஒவ்வொரு சானலுக்கும் 0 முதல் 1023 வரை எண்கள் நிரம்பிய ஒரு கட்டமும், எந்த எண்ணுக்கு எத்தனை கெல்வின் என்ற அட்டவணை ஒன்றும் இருக்கும். கட்டத்தில் உள்ள எண்ணை அட்டவணையின் வரிசை எண்ணாகப் போட்டால் வெப்பநிலை வந்துவிடும், 273.15 கழித்தால் செல்சியஸ். முதலில் ஒரு தெளிந்த நாளின் கோப்பை எடுத்துக் கடலின் மேல் இருபது சொச்சம் டிகிரி வருகிறதா என்று சரிபாருங்கள். கடல் நீர் 28, 29 இருந்தாலும் இடையில் இருக்கும் நீராவியால் சில டிகிரி குறைந்துதான் தெரியும், அது பிழை இல்லை.

பிறகு 12.5 முதல் 14 வரை அட்சரேகை, 79 முதல் 81.5 வரை தீர்க்கரேகை என்று ஒரு பெட்டியை வெட்டிக்கொள்ளுங்கள். தெர்மல் சானலில் ஒரு பிக்சல் 4 கிலோமீட்டர், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மூன்று பிக்சல்தான், அதனால் தெருவாரியாக எதையும் தேட வேண்டாம். பெட்டிக்குள் மைனஸ் 38-க்குக் கீழே இருக்கும் பிக்சல்கள் எத்தனை சதவீதம் என்று அரை மணிக்கு ஒரு எண் எடுத்து, ஒரு மாதம் முழுக்க மணிவாரியாகச் சராசரி போடுங்கள். தரையையும் கடலையும் தனித்தனியாகப் போடுங்கள். ஆகஸ்டில் தரையின் கோடு சாயங்காலத்துக்கு மேல் ஏறி முன்னிரவில் உச்சம் தொடும். நவம்பரில் கடலின் கோடு பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஏறும். பருவமழைக் காலத்தில் மழை விடியற்காலையில் கரைக்கு வரும் என்று காசிமேட்டில் பெரியவர்கள் சொல்வதை உங்கள் வரைபடத்திலேயே பார்க்கலாம்.

பக்கத்தில் ஒரு நோட்டும் போட்டுவையுங்கள்: படத்தின் நேரம், வீட்டுக்கு மேலே இருந்த வெப்பநிலை, அப்போது மாடியில் மழை இருந்ததா, தூறலா, கொட்டலா. ஒரு பருவம் எழுதினாலே மைனஸ் 70 இருந்தும் காய்ந்து கிடந்த நாட்களும், பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தும் முழங்கால் தண்ணீர் நின்ற நாட்களும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பிரியும் இடத்தில் காற்று எந்தத் திசை என்றும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய வாரங்களில் நள்ளிரவு வாக்கில் சில படங்கள் விடுபட்டாலோ 4 மைக்ரான் சானலில் விசித்திரமான வெளிச்சம் தெரிந்தாலோ, அந்த நேரத்தில் பூமியின் நிழல் சாட்டிலைட் மேல் விழுகிறது, அதன் முன்னும் பின்னும் சூரியன் பூமியின் ஓரத்தை ஒட்டி நேராகக் கருவிக்குள் எட்டிப் பார்க்கிறது. அந்த வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.